காளானைத் திருப்பிப் பாருங்கள்: கனியுடலின் உறுப்புகளையும் வடிவங்களையும் அறிய ஒரு வழிகாட்டி

காளான் கண்ணில் பட்டதும் குடையின் நிறத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல முயல்வது புதியவர்கள் எல்லோரும் செய்வது. நிறத்தை நம்ப முடியாது. ஒரு நல்ல மழை பெய்தால் குடை மேலுள்ள செதில்கள் கழுவிப் போய்விடும். வெயில் பட்டால் கரும்பழுப்பும் வெளிறிவிடும். முதலில் பார்க்க வேண்டியது அடிப்புறம். காளானின் விதை போன்ற நுண்துகள்களான ஸ்போர்கள் எங்கே உண்டாகின்றன, அங்கிருந்து எப்படி வெளியேறுகின்றன என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டால், காளானின் வடிவம் ஏன் அப்படி இருக்கிறது என்பது தானாகவே விளங்கும். குடை, பந்து, கிண்ணம், காது, விரல் என்று எத்தனை உருவம் எடுத்தாலும் கனியுடல், அதாவது நாம் காளான் என்று பார்க்கும் பகுதி, செய்யும் வேலை ஒன்றுதான்: ஸ்போரை உருவாக்கி வெளியே அனுப்புவது.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. இது காளானின் அமைப்பைப் படிப்பதற்கான வழிகாட்டி; காட்டுக் காளானைப் பறித்துச் சமைப்பதற்கு இது போதாது. பொதுவாகக் காளானைத் தொடுவதால் விஷம் ஏறாது, ஆனால் வாயில் வைத்துச் சுவை பார்க்காதீர்கள். வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம், பூண்டு நிறம் மாறினால் விஷம், புழு தின்றிருந்தால் நல்லது என்பவை எல்லாம் பொய். அமானிட்டா இனத்தின் கொடிய வகைகளில் உள்ள அமாடாக்சின் என்ற நச்சு வேகவைத்தாலும் அழியாது. சாப்பிட்டு 6 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அதற்குள் கல்லீரலின் சேதம் ஆரம்பித்திருக்கும். யாராவது தெரியாமல் சாப்பிட்டிருந்தால், அறிகுறி வரட்டும் என்று காத்திராமல் மீதமுள்ள காளானையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதல் பாடம் கடைக் காளானில்

காட்டுக்குப் போகும் முன் கடையில் ஒரு பாக்கெட் மொட்டுக்காளான் வாங்குங்கள். 200 கிராம் போதும். குடை இறுக மூடியிருக்கிற ஒன்றையும், ஓரம் சற்று விரிந்த ஒன்றையும் தேர்ந்தெடுத்து, புதிய சவர பிளேடால் குடையின் உச்சியிலிருந்து தண்டின் அடிவரை நெடுக்காகச் சரிபாதியாக வெட்டுங்கள். கத்தி மழுங்கியிருந்தால் செவுள்கள் நசுங்கி, எது எங்கே ஒட்டியிருக்கிறது என்பது தெரியாமல் போய்விடும்.

வெட்டிய முகத்தில் மேலே வெள்ளையான சதை, அதன் கீழே இளஞ்சிவப்பும் பழுப்புமான மெல்லிய தகடுகள், நடுவில் தண்டு ஆகியவை தெரியும். அந்தத் தகடுகள்தான் செவுள்கள். மூடிய காளானில் குடையின் ஓரத்துக்கும் தண்டுக்கும் இடையே ஒரு வெள்ளைத் தோல் செவுள்களை மறைத்திருக்கும். இது உள்திரை. இளம் செவுள்கள் காய்ந்துவிடாமலும் பூச்சி புகாமலும் காப்பது இதன் வேலை. வெட்டாத ஒரு மொட்டை, ஈரத் துணி விரித்த பாத்திரத்தில் வைத்து லேசாக மூடி, அறை வெப்பத்தில் ஓரிரு நாள் விட்டால் குடை விரியும். திரை கிழிந்து தண்டில் ஒரு வளையமாக நிற்கும். எந்தக் காளானின் தண்டில் வளையம் இருந்தாலும் அது இப்படிக் கிழிந்த திரையின் மிச்சம்தான். விரிய விரிய இளஞ்சிவப்புச் செவுள் சாக்லேட் பழுப்பாக மாறுவதையும் பாருங்கள். மாறுவது செவுளின் நிறம் அல்ல, அதன் மேல் முதிர்ந்து அடர்ந்த ஸ்போர்களின் நிறம்.

அடுத்து ஒரு சிப்பிக்காளானை அதேபோல வெட்டுங்கள். வளையம் இல்லை, திரை இல்லை, தண்டு நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கிறது. செவுள்கள் குடையோடு நின்றுவிடாமல் தண்டின் மேல் வெகுதூரம் இறங்கி ஓடுகின்றன. இந்த இரண்டு காளான்களையும் ஒழுங்காக வெட்டிப் படம் வரைந்தவர், ஒரு காளானை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதில் பாதியைக் கற்றுவிட்டார்.

வெளியே போகும்போது

பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை (லென்ஸ்), பிடி உறுதியான கத்தி, மில்லிமீட்டர் கோடுள்ள அளவுகோல், பென்சில், காகிதப் பைகள் அல்லது செய்தித்தாள் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாலித்தீன் பை வேண்டாம். அதற்குள் காளான் வியர்த்து ஒரு மணி நேரத்தில் கொழகொழவென்று ஆகிவிடும். ஒவ்வொரு இடத்தில் எடுத்ததையும் தனித்தனிப் பையில் போட்டு, எந்த மரத்தடி, மண்ணா மரக்கட்டையா சாணமா, தனியாகவா கூட்டமாகவா என்பதை அங்கேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்தபின் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தால் பாதி மறந்துவிடும்.

தமிழ்நாட்டின் சமவெளியில் வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும், மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூனிலிருந்தும் காளான்கள் மிகுதி. நல்ல மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்துப் போவது சிறந்தது. மொட்டு, விரிந்தது, முதிர்ந்தது என்று மூன்று பருவமும் ஒரே இடத்தில் கிடைத்தால் மூன்றையும் எடுங்கள். ஒற்றைக் காளானை வைத்துக்கொண்டு அதன் திரையைப் பற்றி எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது.

தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பதே பறிப்பதில் முக்கியமான விதி. கத்தியைத் தண்டிலிருந்து ஓரிரு அங்குலம் தள்ளி மண்ணில் இறக்கி, மண்ணோடு நெம்பி எடுக்க வேண்டும். அமானிட்டாவின் அடையாளமான, தண்டின் அடியைச் சுற்றியிருக்கும் அடிக்கிண்ணம் பெரும்பாலும் மண்ணுக்குள்ளேதான் இருக்கும். இழுத்தால் தண்டு கையோடு வரும், கிண்ணம் மண்ணில் தங்கிவிடும். மிக ஆபத்தான காளானை நல்ல காளான் என்று நினைப்பதற்கு இந்த ஒரு தவறே போதும்.

எடுத்ததைக் கிடத்தி வைத்தபடி ஓர் இரவு விட்டுவிடாதீர்கள். இளம் காளானின் தண்டு புவியீர்ப்பை உணரும். படுத்த நிலையில் வைத்தால் குடையைச் சமநிலைக்குக் கொண்டுவர மேல்நோக்கி வளையும். காலையில் பார்த்தால் வளைந்த தண்டுள்ள வேறொரு காளான் போலத் தோன்றும். அமானிட்டாவில் இது மிகத் தெளிவாகத் தெரியும்.

வெட்டிய முகத்தில் என்ன பார்ப்பது

முதலில் செவுள் தண்டைச் சேரும் இடம். தண்டைத் தொடாமல் சற்று முன்பே நின்றுவிட்டால் அது தனிச்செவுள். மொட்டுக்காளான், வைக்கோல் காளான், அமானிட்டா ஆகியவற்றில் இப்படி. தண்டில் நேராக ஒட்டியிருந்தால் ஒட்டுச்செவுள். தண்டருகே ஒரு சிறு வெட்டுப் போல உள்வாங்கி ஒட்டியிருந்தால் அதைத் தனியாகக் குறியுங்கள். தண்டில் இறங்கி ஓடினால் இறங்குசெவுள். முதிர்ந்த காளானில் குடை மேல்நோக்கி விரியும்போது ஒட்டிய செவுள் கிழிந்து தனிச்செவுள் போலக் காட்டும். தண்டின் உச்சியில் மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது முன்பு ஒட்டியிருந்தது என்று பொருள்.

அடுத்தது திரைகளின் மிச்சம். சில காளான்களில் உள்திரை மட்டும் உண்டு. அமானிட்டாவின் மொட்டு முழுவதையும் முட்டை ஓடு போல மூடும் இன்னொரு திரையும் உண்டு, அது முழுத்திரை. மொட்டு நீளும்போது அது கிழிந்து, அடியில் கிண்ணமாகவும் குடையின் மேல் துண்டு துண்டான திட்டுகளாகவும் தங்கும். உதகை, கொடைக்கானல் பகுதிகளில் வெளிநாட்டு பைன் மரங்களின் அடியில் தோன்றும் சிவப்பு அமானிட்டாவின் மேலுள்ள வெள்ளைப் புள்ளிகள் இந்தத் திரையின் துண்டுகள்தான். பலத்த மழையில் அவை உதிர்ந்து வெறும் சிவப்புக் குடை மட்டும் மிஞ்சும். குடைத் தோலிலிருந்தே வெடித்து எழும் செதில்கள் அப்படி உதிராது. நகத்தால் மெல்ல உரசினால் எது ஒட்டியிருப்பது, எது தோலோடு சேர்ந்தது என்று தெரிந்துவிடும்.

கிண்ணமும் வளையமும் செவுளும் சேர்ந்து எவ்வளவு சொல்லும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வைக்கோல் காளானுக்கு அடிக்கிண்ணம் உண்டு, வளையம் இல்லை, ஸ்போர் இளஞ்சிவப்பு. அமானிட்டாவுக்கு அடிக்கிண்ணம் உண்டு, பெரும்பாலும் வளையமும் உண்டு, ஸ்போர் வெள்ளை. மொட்டுக்காளானுக்குக் கிண்ணம் இல்லை, வளையம் உண்டு, ஸ்போர் கரும்பழுப்பு. மொட்டுப் பருவத்தில் வெளியிலிருந்து பார்த்தால் வைக்கோல் காளானும் அமானிட்டாவும் ஒரே மாதிரியான முட்டைகள். அதனால் ஓர் உறுப்பை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

சதையையும் கவனியுங்கள். தண்டை ஒடித்துப் பாருங்கள். பெரும்பாலான காளான்களில் அது நாராக உரியும், ஏனென்றால் அது நீளமான பூஞ்சை இழைகளால் ஆனது. ருசுலா என்ற காளான் இனத்தில் தண்டு சாக்குக்கட்டி போலப் பட்டென்று ஒடியும். அதன் சதையில் இழைகளுக்கு நடுவே உருண்டை வடிவ செல்கள் கூட்டம் கூட்டமாக இருப்பதே காரணம். அதற்கு நெருங்கிய உறவான லாக்டேரியஸில் வெட்டிய இடத்தில் பால் கசியும். வெட்டிய சதை நீலமாகவோ சிவப்பாகவோ மாறினால், எத்தனை நிமிடத்தில் மாறியது என்பதையும் எழுதுங்கள்.

புற்றுக்காளானைத் தோண்டும்போது பொறுமை வேண்டும். தண்டு மண்ணுக்குள் மெலிந்து வேர் போல நீண்டு, கரையான் கட்டிவைத்த பூஞ்சைத் தோட்டம் வரை போகும். ஒரு முழ ஆழம் போவதும் உண்டு. கெட்டியான மண்ணைத் துளைத்து மேலே வர வேண்டியிருப்பதால் அதன் குடையின் உச்சி கூராகவும் கடினமாகவும் இருக்கும். அதே இனத்தின் மிகச் சிறிய வகை ஒன்று நூற்றுக்கணக்கில் தரையை மூடி முளைக்கும். அதற்கு நீண்ட வேர் இருக்காது. கரையான்கள் பூஞ்சைத் தோட்டத்தின் துணுக்குகளை வெளியே கொண்டுவந்து பரப்பிய இடத்தில் அது முளைப்பதால், ஆழத்திலிருந்து ஏறி வர வேண்டிய தேவை அதற்கு இல்லை. முளைக்கும் இடம் மாறினால் உடலமைப்பும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் ஊரில் கிடைப்பது அரிது.

ஸ்போர் அச்சு எடுப்பது

கண்ணுக்குத் தெரியாத அளவிலுள்ள ஸ்போரின் நிறத்தை வீட்டிலேயே அறியும் வழி இது. காளானைப் படிக்க விரும்புகிறவர் வேறெதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்ய வேண்டும்.

செவுளின் இரு பக்கமும் மிக நுண்ணிய கதாயுத வடிவ செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் வழக்கமாக நான்கு ஸ்போர்கள் இருக்கும். கடை மொட்டுக்காளானில் பெரும்பாலும் இரண்டு. முதிர்ந்த ஸ்போரின் அடியில் ஒரு நீர்த்துளி திரளும். அது ஸ்போரின் மேல் படிந்துள்ள ஈரப்படலத்தோடு சட்டென்று இணையும்போது ஏற்படும் உந்துதலில் ஸ்போர் பக்கவாட்டில் எறியப்படும். எறியும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். எதிர்ச் செவுளில் மோதும் முன் அது நின்று, இரண்டு செவுள்களுக்கு நடுவே நேராகக் கீழே விழும். செவுள்கள் செங்குத்தாக இருப்பதன் காரணம் இதுவே. சற்றுச் சாய்ந்தாலும் ஸ்போர்கள் செவுளிலேயே ஒட்டிக்கொள்ளும். எறிவதற்கு நீர்த்துளி தேவைப்படுவதால் காய்ந்த காளான் அச்சுத் தராது.

செய்முறை: நன்கு விரிந்த, ஆனால் ஓரம் சுருளாத குடையை எடுங்கள். தண்டைச் செவுள் மட்டத்தில் வெட்டுங்கள். பாதி வெள்ளை, பாதி கறுப்பு என்று ஒட்டிய காகிதத்தின் மேல், இரண்டு நிறத்திலும் படும்படி செவுள் கீழே இருக்க வையுங்கள். வெள்ளைக் காகிதம் மட்டும் இருந்தால் வெள்ளை ஸ்போர் விழுந்ததே தெரியாது. குடையின் மேல் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு டம்ளரால் கவிழ்த்து மூடுங்கள். 4 மணி நேரத்தில் தொடங்கிவிடும். ஓர் இரவு விட்டால் செவுள்களின் வரிசை அப்படியே பதிந்திருக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்க்க எண்ணினால் காகிதத்துக்குப் பதில் கண்ணாடித் துண்டில் எடுங்கள். பிளேடால் சுரண்டிச் சேர்க்க எளிது. நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து எழுதுங்கள். மஞ்சள் விளக்கில் வெள்ளைக்கும் வெளிர்மஞ்சளுக்கும் வேறுபாடு தெரியாது.

அச்சு வராமல் போனால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று. திரை கிழியாத மொட்டாக இருந்தால் ஸ்போர் முதிரவில்லை. குளிர்பெட்டியில் பல நாள் இருந்ததாக இருந்தால் செவுள் உலர்ந்துவிட்டது. டம்ளர் வைக்காமல் மின்விசிறியின் கீழ் வைத்திருந்தால் ஸ்போர்கள் காற்றோடு போய்விட்டன. தண்ணீர் அதிகமாகிக் காகிதம் நனைந்திருந்தால் பதிந்தது ஸ்போரா, அழுகல் சாறா என்று சொல்ல முடியாது. புழு இருந்தால் அவை அச்சின் மேல் ஊர்ந்து கலைத்துவிடும். மைக்குடைக் காளான் வகைகள் தம் செவுளைத் தாமே கரைத்துக் கறுப்பு நீராக ஒழுகவிடும். அவற்றுக்கு இரண்டு மணி நேரத்தில் அச்சை எடுத்துவிட வேண்டும்.

இந்த அச்சின் அருமையைக் காட்டும் காளான் ஒன்று நம் புல்தரைகளில் மழைக்குப் பின் வட்டமாக முளைக்கிறது. பெரிய வெள்ளைக் குடை, நடுவே பழுப்புச் செதில்கள், தண்டில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய வளையம்; பார்க்க நல்ல காளான் போலவே இருக்கும். அதன் பெயர் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டஸ். இளமையில் செவுள் வெள்ளை. முதிரும்போது சாம்பல் பச்சை. ஸ்போர் அச்சு தெளிவான பச்சை. பச்சை அச்சுத் தரும் காளான்கள் மிகச் சில. இதைச் சாப்பிட்டவர்களுக்குச் சில மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். இளம் பருவத்தில் பறித்து, செவுள் வெள்ளைதானே என்று நம்புவதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

செவுள் இல்லாதவை

உதகையின் பைன் காடுகளில் வழவழப்பான பழுப்புக் குடையுடன் சூயிலஸ் முளைக்கும். திருப்பினால் செவுள் இருக்காது. பஞ்சு போலத் துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையும் ஒரு செங்குத்துக் குழாயின் வாய். ஸ்போர்கள் குழாயின் உட்சுவரில் உண்டாகிக் கீழே விழும். சமதளமாக இருப்பதைவிடச் செவுளாக மடித்தாலோ குழாயாகத் துளைத்தாலோ அதே குடைக்குள் ஸ்போர் உண்டாகும் பரப்பு பல மடங்கு கூடும். சிங்கத்தின் பிடரி போலத் தொங்கும் ஹெரீசியத்தில் அந்தப் பரப்பு கீழ்நோக்கிய ஊசிகளாக அமைந்திருக்கிறது. பவளக் காளான்களில் மேல்நோக்கிய கிளைகளின் பக்கங்கள் முழுவதும் ஸ்போர் உண்டாகும்.

மரத்தில் அலமாரி போல நிற்கும் கானோடெர்மாவும் துளை வகைதான். துளைகள் மிக நுண்ணியவை; ஒரு மில்லிமீட்டருக்கு நாலைந்து இருக்கும், கைவில்லை இல்லாமல் தெரியாது. மெல்லிய இழைகளோடு தடித்த சுவருள்ள இழைகளும் பின்னிக்கிடப்பதால் கட்டை போல் கெட்டியாக இருக்கிறது. கானோடெர்மாவின் மேற்புறத்திலேயே கோகோப் பொடி தூவியது போலப் பழுப்புத் தூள் படிந்திருந்தால், அது அடியிலிருந்து விழுந்த ஸ்போர்களைக் காற்று சுழற்றி மேலே படியவைத்தது. நின்ற மரம் சாய்ந்துவிட்டால், அதன்பின் வளரும் பகுதி புதிய திசைக்குத் துளைகளைத் திருப்பிக்கொள்ளும். அதனால் விழுந்த கட்டையிலுள்ள காளானைப் பார்த்து, அது மரம் விழுவதற்கு முன் முளைத்ததா பின் முளைத்ததா என்று சொல்லலாம். தென்னை வைத்திருப்பவர்களுக்கு இது வெறும் படிப்பு அல்ல. 1952 புயலுக்குப் பின் தஞ்சாவூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டு தஞ்சாவூர் வாடல் என்றே பெயர் பெற்ற நோய்க்குக் காரணம் கானோடெர்மா. தென்னையின் அடிமரத்தில் இந்தக் கனியுடல் தெரியும்போது பூஞ்சை உள்ளே வெகுநாளாகப் பரவியிருக்கும். அடிமரத்தில் செம்பழுப்புச் சாறு வடியும்போதே கவனிக்க வேண்டும். கனியுடலுக்காகக் காத்திருக்கக் கூடாது.

காய்ந்த மாங்கிளையிலும் வேலிக் கழியிலும் வெள்ளைச் சாம்பல் நிற விசிறி போல ஒட்டியிருக்கும் ஸ்கைசோஃபில்லம் கம்யூனைத் தவறவிடாதீர்கள். ஓரிரு சென்டிமீட்டர்தான் இருக்கும். அடியில் செவுள் போலத் தெரிபவை ஒவ்வொன்றும் நெடுக்காக இரண்டாகப் பிளந்தவை. காய்ந்தால் பிளவின் இரு ஓரங்களும் சுருண்டு ஸ்போர்ப் பரப்பை மூடிக்கொள்ளும். காய்ந்த துண்டை ஈரத் துணியில் வைத்துக் கைவில்லையால் பாருங்கள்; சில மணி நேரத்தில் விரிந்து, மறுபடியும் ஸ்போர் உதிர்க்கத் தொடங்கும். மரக்காது எனப்படும் ஆரிகுலேரியாவும் இப்படியே சுருங்கி விரியும், ஆனால் அதன் உடல் கூழ்மம் போன்றது.

ஸ்போரை உள்ளே வைத்திருப்பவை

சில காளான்கள் ஸ்போரை எறிவதையே கைவிட்டவை. அவற்றின் ஸ்போர்கள் மூடிய உடலுக்குள் முதிர்கின்றன. வெளியேற்ற மழையோ காற்றோ ஈயோ வர வேண்டும்.

பந்துக்காளானை நெடுக்காக வெட்டினால் இளமையில் உள்ளே ஒரே சீரான வெள்ளை. முதிர்ந்தால் பழுப்புத் தூள். மழைத்துளி மேலே விழும்போது உச்சித் துளை வழியாகப் புகையாக வெளியேறும். வெட்டிய முகத்தில் குடை, செவுள், தண்டு ஆகியவற்றின் நிழல் போன்ற வரைகோடு தெரிந்தால் அது பந்துக்காளான் அல்ல, அமானிட்டாவின் மொட்டு. உள்ளே கருஊதாவாகவும் தோல் தடித்தும் இருந்தால் அது ஸ்கிலெரோடெர்மா, அதுவும் விஷம். வெளித்தோல் நட்சத்திரமாகப் பிளந்து, நடுவில் பந்து உட்கார்ந்திருப்பது கீயாஸ்ட்ரம்.

வறண்ட மாவட்டங்களில் கரையான் புற்றின் மேல் நீண்ட முட்டை வடிவத் தலையுடன் நிற்கும் போடாக்ஸிஸ் புதியவர்களைக் குழப்பும். விரியாத குடைக்காளான் போலவே இருக்கும், நாளை விரியும் என்று காத்திருப்பார்கள். அது விரியாது. வெட்டிப் பார்த்தால் தண்டு தலையின் உச்சி வரை ஓடும். சுற்றிலும் செவுளுக்குப் பதில் கருமையான தூள் இருக்கும்.

பூந்தொட்டியிலும் மக்கிய சாணத்திலும் அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் அகலக் கிண்ணங்களைத் தேடுங்கள். உள்ளே சிறு தட்டை முட்டைகள் போலிருந்தால் அது சையாத்தஸ். கிண்ணத்தின் சரிவு மழைத்துளிக்காகவே அமைந்தது. துளி விழும் வேகத்தில் முட்டை ஒரு மீட்டர் தூரம் வரை தெறித்து, அதன் வாலிலுள்ள பசைநூலால் புல்லில் சுற்றிக்கொள்ளும். சொட்டுக்குழாயில் தண்ணீரை உயரத்திலிருந்து விட்டால் இதை நீங்களே பார்க்கலாம்.

மூங்கில் புதர்களில் வரும் வலைக்காளான் காலையில் முட்டையிலிருந்து சில மணி நேரத்தில் எழுந்து, வெள்ளை வலைப் பாவாடை விரிக்கும். அதன் தலையில் பச்சைப் பழுப்புக் கொழகொழப்பு, அழுகல் நாற்றம். ஈக்கள் அதைத் தின்றும் காலில் ஒட்டவைத்தும் கொண்டுபோகும். மதியத்துக்குள் தலை சுத்தமாகிவிடுவதால், தாமதமாகப் பார்ப்பவர்கள் குறிப்பில் நிறத்தைத் தவறாக எழுதுவார்கள்.

கைவிடப்பட்ட கரையான் புற்றில் கறுப்புக் குச்சிகளாக நிற்கும் சைலேரியாவும், பட்டுப்போன மரத்தில் கரிக்கட்டி உருண்டையாக ஒட்டியிருக்கும் டால்டினியாவும் வேறொரு பெருங்குழுவைச் சேர்ந்தவை. அவற்றின் ஸ்போர்கள் செல்லுக்கு வெளியே அல்ல, நீண்ட பைகளுக்குள், பெரும்பாலும் எட்டெட்டாக இருக்கும். டால்டினியாவைக் குறுக்கே வெட்டினால் சாம்பலும் கறுப்புமாக வளையம் வளையமாகத் தெரியும். வெளிப்பரப்பின் ஓரத்தில் நுண்ணிய குழிகள் வரிசையாக இருக்கும், ஸ்போர் வருவது அங்கிருந்துதான். இதே குழுவின் கிண்ணக் காளான்கள் மேல்நோக்கி எறிபவை. அவற்றுக்கு அச்சு எடுக்கக் கிண்ணத்தின் மேலே கண்ணாடித் துண்டைத் தாங்கி வைக்க வேண்டும்.

ஒரே காளான், வேறு உருவம்

படத்தோடு ஒத்துப் போகவில்லை என்று குழம்பும்போது வளர்ப்பவர்களின் அனுபவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சிப்பிக்காளான் குடிலில் காற்றோட்டம் குறைந்து கரியமில வாயு சேர்ந்தால், தண்டு நீண்டு, குடை குண்டூசித் தலை அளவுக்குக் குறுகிவிடும். வெளிச்சம் போதாவிட்டாலும் ஏறத்தாழ இதே நிலை. ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தால் குடையின் ஓரம் வெடிக்கும், குண்டூசிப் பருவத்து மொட்டுகள் காய்ந்து மஞ்சளாகும். மொட்டின் மேல் நேரடியாகத் தண்ணீர் தெளித்தால் அழுகும். குடையின் ஓரம் கீழ்நோக்கி வளைந்திருப்பது இளமை, சமமாக விரிந்தது அறுவடைப் பருவம், மேல்நோக்கிச் சுருண்டு அலையலையாக ஆனால் ஸ்போர் கொட்டத் தொடங்கிவிட்டது. அந்த நிலை வரை விட்டால் எடை குறைவதோடு, மூடிய அறையில் நிறைந்த ஸ்போர்த் தூள் வேலை செய்பவர்களுக்கு இருமலும் மூச்சுத் திணறலும் தரும். முகக்கவசம் கட்டாயம். வைக்கோல் சரியாக வேகாத படுக்கையில் சிப்பிக்கு முன்பாக மெல்லிய மைக்குடைக் காளான்கள் வந்து, ஒரே நாளில் கறுத்துக் கரைந்தால் அது களை; படுக்கையை வெளியே எடுத்துவிடுங்கள்.

பால்காளானில் படுக்கையின் மேல் மண் பரப்பாவிட்டால், அதாவது மேல்மண் இடாவிட்டால், மொட்டு வருவதே அரிது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏபிகே 2 ரகத்துக்கும் இரண்டு சென்டிமீட்டர் அளவு மேல்மண் பரப்புவதே வழக்கம். மண் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால் மொட்டுகள் மெலிந்த இடத்தில் நெருங்கி முளைத்து, தண்டுகள் ஒன்றோடொன்று நசுங்கி உருமாறும்.

குறிப்பும் பாதுகாப்பும்

ஒவ்வொரு காளானுக்கும் குறைந்தது நான்கு படங்கள் எடுங்கள்: மேலிருந்து, அடிப்புறம், பக்கவாட்டில் முழுத் தண்டுடன், வெட்டிய முகம். அளவுகோல் படத்தில் இருக்க வேண்டும். நோட்டில் குடையின் விட்டம், தண்டின் நீளமும் தடிமனும், செவுள் சேரும் விதம், வளையம், கிண்ணம், வெட்டினால் நிற மாற்றம், மணம், அச்சின் நிறம், இடம், தேதி ஆகியவற்றை எழுதுங்கள். வளையம் இல்லாவிட்டால் "வளையம் இல்லை" என்றே எழுத வேண்டும். எழுதாமல் விட்டால், இல்லையா அல்லது பார்க்கவில்லையா என்று பின்னால் தெரியாது.

மாதிரியை வைத்திருக்க விரும்பினால் அன்றே உலர்த்துங்கள். பெரிய காளானை நெடுக்காக ஒரு சென்டிமீட்டர் தடிமனில் வெட்டி, 40 முதல் 50 டிகிரி செல்சியஸ் வெப்பமும் காற்றோட்டமும் உள்ள உலர்த்தியில் வைக்க வேண்டும். வெப்பம் மேலும் கூடினால் காளான் வெந்துவிடும். வெந்த திசு மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் காட்டாது. காற்றோட்டம் இல்லாத பெட்டியில் வைத்தால் உலரும் முன் அழுகும். விரலால் வளைத்தால் முறுகலாக ஒடியும் வரை உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் இறுக மூடும் டப்பாவில் போட்டு, குறிப்பின் எண்ணை டப்பாவுக்கு உள்ளேயும் வெளியேயும் எழுதிவிடுங்கள். ஸ்போர் அச்சை மடித்த காகிதத்தில் அதே எண்ணுடன் தனியாக வையுங்கள். பள்ளி மைக்ராஸ்கோப்பில் 400 மடங்கில், ஒரு சொட்டுத் தண்ணீரில் அந்த அச்சின் சிறு துளியைக் கலந்து பார்த்தால் ஸ்போரின் வடிவம் தெரியும். பெரும்பாலான ஸ்போர்கள் 5 முதல் 15 மைக்ரான் நீளத்துக்குள் அடங்கும். உருண்டையா, முட்டை வடிவமா, மேற்பரப்பு வழவழப்பா, முள்ளா என்பதை வரைந்து அதே பக்கத்தில் ஒட்டுங்கள்.